எரிநட்சத்திரம் விட்டுச்செல்லும் உலோகம்

உப்புப் போட்ட குழம்பு பொங்கி கேஸ் அடுப்பில் வழிந்தால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். உப்பிலிருக்கும் சோடியம் சூடேறி உமிழும் நிறம் அது. அதன் அலைநீளம் 589 நானோமீட்டர். இதே மஞ்சளை 1929இல் அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் இரவு வானத்தின் நிறமாலையில் ஒரு கோடாகக் கண்டார். அது சோடியத்தின் ஒளிதான் என்று உறுதிப்படக் கிட்டத்தட்ட இன்னும் பத்தாண்டு ஆயிற்று. வானத்துக்கு உப்பு எப்படிப் போனது? கடல்நீர்த் திவலை மேலேறியிருக்கும் என்றார்கள் சிலர். எரிநட்சத்திரங்கள் விட்டுச்சென்றது என்றார்கள் வேறு சிலர்.

இரண்டாமவர் சொன்னதே சரி. விண்வெளித் தூசி நொடிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்றுக்குள் பாய்கிறது. சூடேறி, உருகி, ஆவியாகிறது. அப்படி உதிர்ந்த சோடியம், இரும்பு, பொட்டாசியம், கால்சியம் அணுக்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 80 முதல் 105 கிலோமீட்டர் உயரத்தில் அடுக்குகளாக மிதக்கின்றன. கடல்நீரில் இரும்பு மிகமிகச் சொற்பம். மேலேயோ சோடியத்தைவிட இரும்பே கூடுதல். அடுக்கு என்றதும் கனமான எதையும் கற்பனை செய்ய வேண்டாம். சோடியம் மிக அடர்ந்திருக்கும் உயரத்திலும் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் அணுக்களே உண்டு. உலகம் முழுவதையும் சூழ்ந்துள்ள அந்தச் சோடியம் அத்தனையையும் திரட்டி எடை போட்டாலும் ஒரு டன் தேறாது.

இவ்வளவு அற்பமான பொருளுக்கு ஏன் இத்தனை ஆர்வம்? அந்த உயரம் நமக்கு எட்டாதது. ஆய்வு பலூன்கள் ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டுவதே அரிது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் எரிந்துவிடும். ராக்கெட் சில நிமிடங்களில் கடந்துபோய்விடும். அங்கே நாள்கணக்கில் தங்கியிருக்கும் வெப்பமானி என்று ஒன்று இருந்தால், அது அந்த உலோக அணுக்கள்தான். அதைத் தரையிலிருந்தே படிக்கும் கருவியின் பெயர் லிடார்.

வானொலி அலைக்குப் பதில் லேசர் ஒளியைப் பயன்படுத்தும் ரேடார் என்று லிடாரைச் சொல்லலாம். ஆனால் இந்த வேலைக்கு ஏதோ ஒரு லேசர் போதாது. வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் இருக்கும் இன்னொரு தந்தி தானாக அதிரும் அல்லவா? அதுபோல, சரியாக 589 நானோமீட்டருக்குச் சுருதி சேர்த்த லேசரை மேலே செலுத்தினால் சோடியம் அணு அதை விழுங்கி, அதே நிறத்தில் திரும்ப உமிழ்கிறது. சாதாரணக் காற்று மூலக்கூறு ஒளியைச் சிதறடிப்பதைவிட இது பல லட்சம் கோடி மடங்கு வலுவானது. அதனால்தான் அந்தச் சில ஆயிரம் அணுக்களும் கண்ணுக்குப் படுகின்றன. ஒளி 90 கிலோமீட்டர் ஏறி இறங்க ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. தொலைநோக்கிக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்தே உயரம் தெரிந்துவிடும். 1969இல் போமன், கிப்சன், சாண்ட்ஃபோர்ட் மூவரும் இங்கிலாந்தில் இதைச் செய்து காட்டினார்கள். நிறத்தை நுணுக்கமாக மாற்றத்தக்க சாய லேசர் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

இருக்கிறதா என்று பார்த்ததோடு வேலை முடியவில்லை. வெப்பம் கூடினால் அணுக்கள் வேகமாக அலையும்; அவை ஏற்கும் நிறமும் சற்று அகலும். அந்த அகலத்தை அளந்தால் வெப்பநிலை. நிறம் மொத்தமாக நகர்ந்திருந்தால் அது காற்றின் வேகம். திருப்பதி அருகே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்திலும் சோடியம் லிடார் உண்டு.

என்னை மிகவும் ஈர்த்தது தென்துருவக் கதை. அங்கே வைத்த இரும்பு லிடார், கோடையில் இரும்பு அடுக்கின் கீழ்ப்பகுதி அரிக்கப்பட்டதுபோல மறைவதைக் கண்டது. மறைந்த அதே உயரத்தில் மெல்லிய பனித்துகள் மேகங்கள் நின்றன. துருவக் கோடையில் அந்த உயரம் பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடம். சுழியத்துக்குக் கீழே 130 பாகைக்கும் அப்பால் போகும். இரும்பு அணுக்கள் பனித்துகளில் ஒட்டிக்கொண்டு அடுக்கிலிருந்து விலகிவிடுகின்றன என்று ஜான் பிளேனும் ஷின்சாவ் சூவும் சகாக்களும் 2004இல் காட்டினார்கள். பின்னர் சூவின் குழு அண்டார்க்டிகாவின் மக்மர்டோ நிலையத்தில் லிடாரை நிறுவி, 155 கிலோமீட்டர் உயரம் வரை இரும்பைக் கண்டது. அவ்வளவு மேலே அது இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அந்த அடுக்குகளில் நம் கைவரிசையும் சேர்கிறது. 2025 பிப்ரவரியில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் மேல்கட்டம் ஒன்று கட்டுப்பாடின்றி வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. ஏறத்தாழ 20 மணி நேரம் கழித்து, ஜெர்மனியில் இருந்த ஒரு லிடார் 96 கிலோமீட்டர் உயரத்தில் லித்தியம் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு கூடியிருந்ததைப் பதிவு செய்தது.