கட்டட நிலமும் மழை நீரும்

மழை நிலத்தை வளர்ப்பது. அம்மழையே நிலத்தைக் கொள்ளையிடவும் வல்லது. இவ்விரு தொழில்களுள் எதனை அது புரியும் என்பதைப் பெரும்பாலும் நிலத்தின் நிலையே தீர்மானிக்கின்றது. புல்லும் மரமும் போர்த்த நிலத்தில் விழும் நீர் மெல்ல உள்ளே இறங்குகின்றது. கட்டடம் எழுப்புவதற்காகச் செடி கொடிகளை நீக்கி, மேடு வெட்டிப் பள்ளம் நிரப்பித் திறந்து வைத்த நிலத்தில் விழும் நீரோ, கலங்கிச் சிவந்து, மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுகின்றது. அஸ்திவாரம் இடும் நாளைக் குறித்துப் பலவாறு ஆலோசிக்கும் நாம், அந்நிலத்தின் மண் எங்கே போகின்றது என்பதைக் குறித்து ஆலோசிப்பதில்லை. ஆதலின் இவ்விஷயத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த மேரிலாந்து மாகாணம் இதற்குச் சிறந்த உதாரணமாகும். அங்கே கன்பௌடர் ஆற்றங்கரையில் ஜாப்பா என்னும் துறைமுகப் பட்டணம் ஒன்று இருந்தது. 1712-ஆம் ஆண்டு முதல் பால்ட்டிமோர் ஜில்லாவின் தலைநகராய் விளங்கிய அப்பட்டணத்திலிருந்து கப்பல்கள் புகையிலை ஏற்றிச் சென்றன. மேட்டு நிலங்களில் காடு அழிந்து உழவு பெருகவே, ஆறு வண்டலைக் கொணர்ந்து துறையைத் தூர்த்தது. பால்ட்டிமோர் நகரம் ஓங்க, 1768-இல் நீதிமன்றமும் அங்கே மாற்றப்பட்டது. ஜாப்பாவின் சிறப்பும் மறைந்தது.

உழவினால் விளைந்த கேடு இதுவாயின், கட்டட வேலையால் விளைவது இதனினும் பெரிது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் கார்டன் வோல்மன் 1967-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். அப்பிரதேசம் உழவு தொடங்குமுன் இருந்த நிலையில், ஒரு சதுர மைலிலிருந்து ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 100 டன் மண் ஆற்றை அடைந்திருக்கலாம். உழவு ஓங்கிய காலத்தில் அது 300 முதல் 800 டன்னாக உயர்ந்தது. கட்டட வேலைக்காகத் திறக்கப்பட்ட சிறு நிலப்பகுதிகளிலோ, சதுர மைலுக்கு 1,00,000 டன்னையும் தாண்டக்கூடும். ஒரு சதுர மைல் 640 ஏக்கராதலின், இது ஏக்கருக்கு 150 டன்னுக்கு மேலாகும். வேலை முடிந்து, புல் வளர்ந்து, பாதைகள் அமைந்த பின் அளவு மீண்டும் 100 டன்னுக்குள் அடங்குகின்றது. ஆகவே கேடு நிகழும் காலம் குறுகியது; அதன் பயனோ ஆற்றின் அடியில் நெடுங்காலம் தங்குவது.

இனி, மண் எங்ஙனம் பெயர்கின்றது என்று காண்போம். பெரிய மழைத்துளி ஒன்று ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் விட்டமுடையது. வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்குவது. இத்தாக்குதலே அரிப்பின் முதற்படி என்பதை எல்லிஸன் என்னும் அறிஞர் 1940-களில் சோதனைகளால் விளக்கினார். மூடியில்லாத மண் துளிகளின் அடியால் சிதறுகின்றது. நுண்ணிய துகள்கள் மண்ணின் துவாரங்களை அடைக்கின்றன. யந்திரங்கள் ஏறி இறங்கிய நிலம் முன்னமே இறுகியிருக்கின்றது. எனவே நீர் உள்ளே இறங்க இடமின்றி மேலே ஓடுகின்றது. ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் மழை பெய்யின், விழும் நீர் 1,00,000 லிட்டருக்கு மேலாகும். அது முதலில் மெல்லிய படலமாய்ப் பரவி, பின் சிறு சிறு ஓடைகளாய்த் திரண்டு, முடிவில் பள்ளங்களை அறுக்கின்றது. சரிவு நீளுந்தோறும், செங்குத்தாகுந்தோறும், அதன் வலிமையும் மிகுகின்றது.

ஓடிய மண்ணைப் பின்னர்ப் பிடித்துக்கொள்ளலாகாதோ எனின், ஸ்டோக்ஸ் என்பார் 1851-இல் கண்ட விதி விடை கூறும். நுண்துகள் நீரில் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அசைவற்ற நீரில் ஒரு மீட்டர் இறங்க, 0.1 மில்லிமீட்டர் மணலுக்கு ஏறக்குறைய 2 நிமிஷம் போதும், 0.02 மில்லிமீட்டர் வண்டலுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும், 0.002 மில்லிமீட்டர் களிமண்ணுக்கோ மூன்று நாட்களும் போதா. ஓடும் நீரில் அது படிவது எங்ஙனம்? ஆகவே மண்ணை இருந்த இடத்திலேயே நிறுத்துவது முதல் தருமம்; தப்பிய மண்ணை எல்லைக்குள் பிடிப்பது இரண்டாவது.

முதலாவதற்குரிய வழிகள் எளியவை. நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் திறவாமல், வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறத்தல் வேண்டும். மேட்டிலிருந்து வரும் தெளிந்த நீரை வரப்பிட்டு, வெட்டிய மண்ணைத் தொடாதவாறு சுற்றி அனுப்புதல் வேண்டும். வேலை நின்ற இடத்தில் உடனே விதை தூவி வைக்கோல் பரப்பின், துளியின் அடி வைக்கோலோடு நிற்கும். நீண்ட சரிவுகளை இடையிடையே படியாக வெட்டி நீரின் வேகத்தை முறித்தலும் நன்று.

இரண்டாவதற்கு, தாழ்ந்த மூலையில் வண்டல் படியும் குட்டை ஒன்று வேண்டும். அதனின்றும் நீர் வெளியேறும் வாயிலில் கல் பாவுதல் அவசியம். எல்லையில் துணியாலாகிய வண்டல் வேலி கட்டுவதும் வழக்கம். அதன் அடிவிளிம்பை ஒரு சாண் அளவு மண்ணில் புதைக்காவிடில் நீர் அடியில் நுழைந்து ஓடிவிடும். ஓடையின் குறுக்கே கட்டினாலோ வேலியே அடித்துச் செல்லப்படும். வண்டிகள் வெளியேறும் வழியில் பருங்கல் பரப்பினால், சக்கரங்களில் ஒட்டிய சேறு தெருவை அடையாது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் இவற்றைப் பார்வையிட்டுச் செப்பனிடாவிடில் அனைத்தும் வீணே.

இவ்வழிகளைப் பலர் தாமே கைக்கொள்ளாமைக்குக் காரணம் வெளிப்படை. செலவு கட்டுவோனுடையது, நஷ்டமோ கீழே குளத்தையும் ஆற்றையும் நம்பி வாழ்வோருடையது. இது பற்றியே மேரிலாந்து 1970-இல் மாகாணம் முழுவதற்கும் சட்டம் இயற்றிற்று. ஐக்கிய அரசாங்கமும் 1990-இல் 5 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள கட்டட நிலங்களுக்கு அனுமதிச் சீட்டை விதித்தது. 2003 முதல் அவ்வெல்லை 1 ஏக்கராகக் குறைந்தது.

இங்கு நம் நாட்டுப் பொருள் ஒன்றையும் குறிப்பிடல் தகும். நம் இல்லங்களில் தண்ணீர்ப் பானையில் இடும் வெட்டிவேர், தமிழ்ப் பெயருடனேயே உலகெங்கும் சென்று சரிவுகளைக் காத்து வருகின்றது. அதன் வேர் 3 மீட்டர் ஆழமும் இறங்கவல்லது. சரிவுக்குக் குறுக்கே நெருங்க நட்டால், நீரின் வேகம் தணிந்து வண்டல் அதன் பின்னே தங்கி, நாளடைவில் படியாகின்றது. தென்னிந்திய வகை விதையால் பரவாததாகையால், களையாகுமென்ற அச்சமும் இல்லை. 1980-களில் உலக வங்கியின் விவசாய நிபுணர்கள் இந்தியாவிலிருந்து இதனைப் பரப்பினர்.

நம் மாணவருள் பலர் பிற்காலத்தில் இஞ்சினீயர்களாகவும், அதிகாரிகளாகவும், வீடு கட்டும் குடும்பத் தலைவர்களாகவும் விளங்குவர். அவர்கள் கட்டட வரைபடத்தைக் கையில் எடுக்குங்கால் சுவரின் கனத்தோடு நீரின் போக்கையும் அதில் குறிப்பாராக. ஐப்பசி மழைக்கு முன் வரப்பும் வைக்கோலும் ஆயத்தமாயின், நம் மண் நம் நிலத்தில் தங்கும். கீழேயுள்ள ஏரியும் தூராது நிறையும்.