எம்.எஸ். நோயில் தசையும் வலிக்கும்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (எம்.எஸ்.) வலிக்காத நோய் என்றுதான் வெகுகாலம் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடந்தது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். வலி மட்டும் வராது என்றார்கள். நோயாளிகளைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பார்கள். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2013-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, எம்.எஸ். உள்ளவர்களில் 100-க்கு ஏறத்தாழ 63 பேர் வலியோடு இருக்கிறார்கள்.

வலி இருப்பதை ஒப்புக்கொண்ட பிறகு இன்னொரு சிக்கல் வந்துசேர்ந்தது. எது வலித்தாலும் பழி நரம்பின் மேல் விழுந்தது. நோயின் குணம் அப்படி. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம், மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைத் தாக்குகிறது. முகத்தில் வெட்டி இழுக்கும் வலி, கழுத்தைக் குனிந்தால் முதுகுவழியே ஓடும் ஷாக், பாதத்தில் ஓயாத எரிச்சல் எல்லாம் நரம்பு வலிகள்தான். ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழமுடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே நரம்பு மாத்திரையை எழுதிக்கொடுத்தால் என்ன பலன்? அவருக்கு வலிப்பது தசையாக இருக்கலாம்.

நடையைக் கவனித்தால் காரணம் தெரியும். வலது பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்துவிட்டது, பாதம் தொங்குகிறது, பெருவிரல் தரையில் இடறுகிறது. விழாமல் இருக்க, ஒவ்வோர் அடிக்கும் வலது இடுப்பையே மேலே இழுத்துக் காலைத் தூக்கிப் போடுகிறார். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, முதுகுத்தண்டின் பக்கத்தில் இருக்கும் தசைதான் அந்தச் சுமையை ஏற்கிறது. அடுப்படியிலிருந்து வாசலுக்குப் போய்வருவதற்குள் அதற்கு எத்தனை முறை வேலை! இடது கையில் ஊன்றுகோல். கோல் தேவைக்கு மேல் உயரமாக இருந்தால் தோளும் நாள் முழுக்கத் தூக்கியபடியே நிற்கும். நோய் கெடுத்தது பாதத்துக்குப் போகும் நரம்புவழியை. மாலையில் வலிப்பது அதற்கு ஈடுகட்டி உழைத்த தசைகள்.

அப்படி இறுகிய தசையில் விரலை ஓட்டினால் முறுக்கிய கயிறுபோல ஒரு பட்டை தட்டுப்படும். அதில் ஓரிடத்தில் அழுத்தினால் ஆள் துள்ளிவிடுவார்; "இதுதான், இதே வலிதான்" என்பார். நம் ஊரில் வாயுப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டு நீவுகிறோமே, அதில் பலவும் இந்த ரகம்தான். மருத்துவர்கள் இதை ட்ரிகர் பாயின்ட் என்கிறார்கள். இந்த முடிச்சுகளுக்கு வரைபடம் போட்டவர்களில் முதன்மையானவர் ஜேனட் டிராவெல். முதுகுவலியால் அவதிப்பட்ட ஜான் கென்னடிக்கு வைத்தியம் பார்த்து, 1961-இல் வெள்ளை மாளிகை மருத்துவரானவர். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கையேட்டின் முதல் பாகம் 1983-இல் வந்தது. முடிச்சு ஓரிடத்தில் இருக்க, வலி வேறோர் இடத்தில் தெரியும் என்பதுதான் அதன் சாரம். தோள்மேட்டில் விழுந்த முடிச்சு நெற்றிப்பொட்டில் தலைவலியாகத் தெரியும். பிட்டத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசையில் விழுந்தால், வலி தொடையின் வெளிப்புறமாகக் கணுக்கால்வரை இறங்கும். எம்.எஸ். உள்ளவருக்கு இப்படிக் கால்வலி வந்தால் யாருக்குத்தான் தசை நினைவுக்கு வரும்?

முடிச்சு எப்படி உருவாகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. நரம்பு தசையோடு சேரும் இடத்தில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கொலின் என்ற வேதிப்பொருள் அதிகமாகக் கசிந்து, அந்தச் சின்ன இடத்தில் இழைகள் சுருங்கியே நின்றுவிடுகின்றன என்பது டிராவெல் தரப்பின் விளக்கம். ஒரே நோயாளியை இரண்டு பேர் சோதித்தால் இருவர் விரலும் ஒரே இடத்தில் நிற்பதில்லையே என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. கேள்வி நியாயமானதுதான். நோயாளிக்கு வலிக்கிறது என்பதில் மட்டும் தகராறு இல்லை.

விறைப்பு வேறு சங்கதி. தசையை அடக்கிவைக்கும் மூளையின் கட்டளை சரியாக வந்துசேராததால் ஏற்படுவது அது. படுத்ததும் கால் தானாக வெட்டி இழுக்கும். கெண்டைக்கால் சதை பிரட்டும். வேகமாக மடக்கப் பார்த்தால் இன்னும் முரண்டும். பேக்லோபென், டைசானிடின் மாத்திரைகள் இதற்குத்தான். பேக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். கூட்டுவதிலும் கவனம் வேண்டும்: பலவீனமான காலைத் தாங்கி நிறுத்துவதே சிலருக்கு அந்த விறைப்புதான். நன்றாக இருந்தவருக்கு விறைப்பு சட்டென்று கூடினால் முதலில் சிறுநீரைச் சோதிப்பது நல்லது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் ஆகியவை, உணர்வு மரத்த உடம்பில் வலியாகத் தெரியாமல் விறைப்பாக வெளிப்படும்.

முடிச்சை இளக்க, பிசியோதெரபிஸ்ட் மெதுவாக அழுத்திப் பிடித்துவிடுவார். தசையை நிதானமாக நீட்டும் பயிற்சி தருவார். சிலருக்கு அந்த இடத்திலேயே மரப்பு ஊசி போடுவதுண்டு. ஆனால் நடை மாறாவிட்டால் அடுத்த வாரமே முடிச்சு திரும்பிவிடும். தொங்கும் பாதத்துக்கு ஒரு தாங்குபட்டை போடுவதும், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குக் கோலின் கைப்பிடி வருமாறு வெட்டுவதும் என் கணக்கில் பல மாத்திரைகளுக்குச் சமம்.

வெந்நீர் ஒத்தடத்தில் எச்சரிக்கை வேண்டும். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். உடல் சூடேறினால் பழைய அறிகுறிகளும் தற்காலிகமாகத் தலைதூக்கும். உடலை வருத்திய பின் நோயாளிகளின் பார்வை மங்குவதை ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-இல் பதிவு செய்திருக்கிறார்.

நோய் மீண்டும் தாக்கும்போதெல்லாம் அதிக அளவு ஸ்டீராய்டு ஏற்றிக்கொண்டவருக்குத் தொடை இடுக்கில் வலி வந்து, நடக்க நடக்கக் கூடினால், அதைப் பிடிப்பு என்று நீவிக்கொண்டிருக்கக் கூடாது. ரத்த ஓட்டம் குறைந்து தொடையெலும்பின் தலைப்பகுதி சிதைந்துவருவதாக இருக்கலாம். இது அபூர்வம்தான். ஆனால் தொடக்கத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும்.