நாசா இழுத்து மூடிய மையம்

1964 பிப்ரவரி 2-ஆம் தேதி நாசாவின் ரேஞ்சர் 6 விண்கலம் குறி தப்பாமல் நிலவில் போய் மோதியது. அதிலிருந்த ஆறு தொலைக்காட்சி கேமராக்களில் ஒன்றுகூட ஒரு படம் அனுப்பவில்லை. ராக்கெட் மேலேறும்போதே தெறித்த மின்பொறி, கேமராக்களுக்கு மின்சாரம் தரும் சுற்றைத் தீய்த்துவிட்டிருந்தது. நிலவை நெருங்கும்வரை அந்தச் சேதம் யாருக்கும் தெரியவில்லை.

விண்வெளியில் மின்னணுக் கருவிகளுக்கு ஆபத்துகள் பல. பூமியில் ரேடியோ பெட்டி சூடானால் வெப்பத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும். வெற்றிடத்தில் அதற்கு வழியில்லை. போதாக்குறைக்கு, விண்வெளியில் பாயும் துகள்கள் சிலிக்கான் படிகத்தில் இருக்கும் அணுக்களை இடம்பெயர்த்துவிடும். டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெளியே பார்த்தால் கீறல்கூட இருக்காது. கழற்றி மாட்டவும் அங்கே ஆளில்லை.

இதையெல்லாம் அடியிலிருந்து ஆராய, அதே ஆண்டு செப்டம்பரில் நாசா ஒரு மின்னணு ஆய்வு மையத்தைத் திறந்தது. இடம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலுள்ள கெண்டல் சதுக்கம். மாசசூசெட்ஸ் முன்னாள் அதிபர் கென்னடியின் சொந்த மாநிலம் என்பதால் மற்ற மாநிலத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மையத்தில் லேசர், ஹோலோகிராம், நுண்சுற்றுகள் என்று வேலை நடந்தது. மேகமே இல்லாத வானத்தில் விமானத்தைத் திடீரென உலுக்கும் காற்றுக் கொந்தளிப்பை முன்கூட்டியே கண்டறிவதும் அதில் சேர்த்தி.

1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கினான். டிசம்பரில் நாசா தலைவர் தாமஸ் பெயின், மையம் மூடப்படும் என்று அறிவித்தார். 1970 ஜூனில் கதை முடிந்தது. அப்போது சுமார் 850 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். நாசாவின் மையங்களில் இப்படி மூடப்பட்டது இது ஒன்றுதான்.

விண்வெளிக் கட்டுப்பாட்டு மையம் கெண்டல் சதுக்கத்துக்குத்தான் வரவிருந்தது, கென்னடிக்குப் பின் அதிபரான ஜான்சன்தான் அதைத் தன் சொந்த மாநிலமான டெக்சாஸின் ஹூஸ்டனுக்குத் தள்ளிக்கொண்டு போனார் என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது: ஹூஸ்டன் முடிவானது, ஜான்சன் அதிபராவதற்கு முன்பு, 1961-இலேயே. மையம் மூடப்பட்டதற்குக் கென்னடிமீது அப்போதைய அதிபர் நிக்சனுக்கு இருந்த கோபம்தான் காரணம் என்பது இன்னொரு கதை. அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றே தோன்றுகிறது. நாசாவின் பணம் ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டிருந்தது. ராக்கெட்டோ விண்கலமோ எதையும் தன்னுடையது என்று காட்ட முடியாத இளைய மையத்தில் கைவைப்பதுதான் சுலபம்.

கட்டடங்கள் வீணாகவில்லை. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் ஜான் வோல்பே அப்போது மத்தியப் போக்குவரத்து அமைச்சர். ஊழியர்கள் பலரோடு இடத்தை அவருடைய துறையே எடுத்துக்கொண்டு, போக்குவரத்து ஆய்வு மையமாக்கியது. 1990-இல் அதற்கு வோல்பேயின் பெயரையே வைத்தார்கள்.