கல்லாப் பெட்டியில் கிடந்த பழைய செல்போன்



சென்ற மாதம் என் பேரன் கம்ப்யூட்டரைத் திறந்து, "தாத்தா, இது ஞாபகம் இருக்கா?" என்று ஒன்றைக் காட்டினான். திரையின் நடுவில் நோக்கியா 3310. படம்தான், ஆனால் மவுஸால் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறது, மெனு திறக்கிறது, பாம்பு விளையாட்டும் ஓடுகிறது. பழைய போன்களை இப்படி இணையப் பக்கத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற வேண்டியதில்லை. அப்படி ஏற்றச் சொன்னாலோ, நம் செல் நம்பரைக் கேட்டாலோ உடனே மூடிவிடுங்கள்.

அந்தப் போன் 2000-ல் வந்தது. திரையில் குறுக்கே 84, நெடுக்கே 48 புள்ளிகள், மொத்தமே 4,032. அதற்குள்தான் பெயர், நம்பர், எஸ்.எம்.எஸ்., பாம்பு எல்லாம். பாம்பு முதலில் வந்தது 1997-ல், 6110 என்ற மாடலில். அதை எழுதியவர் தனேலி அர்மான்டோ என்ற பின்லாந்துக்காரர்.

பேரன் பாம்பை ஓட்டி முடித்ததும் நான் பெயர் பதியும் இடத்தைத் திறந்து, 'முருகன்' என்று ஆங்கில எழுத்தில் அடித்துப் பார்த்தேன். 6 ஒரு தடவை, 8 இரண்டு, 7 மூன்று, மறுபடி 8 இரண்டு, 4 ஒன்று, 2 ஒன்று, 6 இரண்டு. ஆகப் பன்னிரண்டு அழுத்து. இத்தனை வருடம் கழித்தும் விரல் தடுமாறவில்லை. நம்மிடம் சரக்கெடுத்தவர்களில்தான் எத்தனை முருகன் ஸ்டோர்! சாத்தூர் முருகன், அருப்புக்கோட்டை முருகன் என்று ஊரைச் சேர்த்தே பதிவோம்.

வருகிற அழைப்புக்கும் நாமே காசு கொடுத்த காலம் அது. 2003 மே மாதத்தில்தான் அது நின்றது. 2002-ல் ஒரு நாள் குல்பர்காவிலிருந்து துவரைத் தரகர் செல்லில் கூப்பிட்டார். காசு எதற்கு என்று துண்டித்துவிட்டு, கடை போனில் எஸ்.டி.டி. போட்டேன். அரை மணி நேரம் எங்கேஜ்டு. அதற்குள் சரக்கு வேறு கைக்குப் போய்விட்டது. சில்லறையை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லோடை விட்டேன். வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

2003-ல் 1100 வந்தது. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்ற போன். கரண்ட் போனால் குடோனில் மூட்டை எண்ண அதன் டார்ச்தான். பொத்தானுக்குள் தூசி புகாது. மிளகாய் மண்டிக்கென்றே செய்தது போல. கம்ப்யூட்டர் படத்தில் டார்ச் அடிக்க முடியாதே!

என்னுடைய 1100 கல்லாப் பெட்டியின் அடியில் கிடந்தது. பி.எல். 5சி பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறது. வாங்கிப் போட்டேன், உயிர் வந்துவிட்டது. உள்ளே பழைய சிம், அதில் பழைய பெயர்கள். காயலான் கடைக்குப் போடுமுன் நீங்களும் பார்த்துவிடுங்கள்.

இப்போதைய போனிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டேன். மூன்று நம்பர் உபயோகத்தில் இல்லை. நாலாவதை ஒரு பெண் எடுத்தார், கடைக்காரரின் மகள். அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறதாம். கடையை வாடகைக்கு விட்டுவிட்டார்களாம். நான் யாரென்று சொன்னதும் அவர் கேட்டது, "அண்ணாச்சி, அப்பா உங்களுக்கு ஏதும் பாக்கி வச்சிருந்தாங்களா?"

பேரேட்டில் 2,340 ரூபாய் நிற்கிறது. "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி வைத்தேன்.