கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போறீங்களா? வீட்டுக் குட்டியின் மூச்சையும் கவனியுங்கள்!

சில வருஷங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாத மாலை. ஆறு வயசுப் பையனை இழுத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார்.

"ஐயா, ஐஸ்கிரீம் கண்ணுலயே காட்டல. மழையிலயும் நனையல. ஆனா ராத்திரியானா பிள்ளைக்கு இழுப்பு வந்துருது. போன வருஷமும் இதே சமயந்தான்!"

"வீட்டுல புதுசா என்னம்மா மாறிச்சு?"

"ஒண்ணும் இல்லையே ஐயா... பரண்ல இருந்து கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்து வச்சோம், அவ்வளவுதான்."

"நான்தான் பிரிச்சேன்! நான்தான் தூசி தட்டினேன்! லைட் பார்க்க அங்கேயேதான் படுத்துக்கிறேன்!" என்றான் பையன், பெருமையாக.

விஷயம் புரிந்துவிட்டது. "அப்ப அதைத் தூக்கிப் போட்டுரட்டுமா ஐயா?" என்று அம்மா கேட்டதும் பையன் கண்ணில் குளம் கட்டிவிட்டது.

தூக்கிப் போட வேண்டியதில்லை. பார்த்து வாங்கி, சரியாகப் பராமரித்தால் போதும். அதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

மரம் என்ன செய்யும்?

நம்ம ஊரில் முன்பெல்லாம் சவுக்குக் கிளையை வெட்டி வந்து, பஞ்சு ஒட்டி, பலூன் கட்டுவார்கள். பண்டிகை முடிந்ததும் அடுப்புக்குப் போய்விடும். பிளாஸ்டிக் மரம் அப்படியில்லை. பதினோரு மாதம் பரணில் தூங்குகிறது. ஆயிரக்கணக்கான இலைகளிலும் தூசி. அந்தத் தூசிக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஈரம் வேறு. அட்டைப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கக் கேட்கவா வேண்டும்? இத்தனையையும் ஒரே நாளில் ஹாலில் உதறினால், ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இரைப்பு வராமல் என்ன செய்யும்?

மார்கழி, தை முன்பனிக் காலம். குளிரும் பனியும் ஐயத்தைக் கூட்டும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. நெஞ்சில் சளி கட்டும் உடம்புக்காரர்களுக்கு ஏற்கெனவே சோதனைக் காலம். அதில் தூசியும் சேர வேண்டுமா?

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

* இலை: தாளைக் கத்தரித்த மாதிரி மெல்லிசாக இருந்தால் அது பி.வி.சி. அச்சில் வார்த்து, நிஜ இலை போலக் கனமாக இருந்தால் பாலிஎத்திலீன். இரண்டும் கலந்த மரமும் உண்டு. பி.வி.சி. உறுதியாக இருக்க ஈயம் சேர்க்கும் வழக்கம் இருந்தது. நாளாக ஆக அந்த பிளாஸ்டிக் நொறுங்கி, ஈயம் தூசியாக வெளிவரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணால் பார்த்து ஈயம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எனவே பாலிஎத்திலீன் வாங்க வசதியிருந்தால் அதுவே நல்லது. எந்த மரமானாலும் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இலை உதிரும் பழைய பி.வி.சி. மரத்துக்கு விடை கொடுத்துவிடுங்கள்.

* கைச் சோதனை: கிளையை நுனியிலிருந்து உள்பக்கமாகத் தடவுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து உலுக்குங்கள. கொத்தாக உதிர்ந்தால் வேண்டாம். மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் வாடை அடித்தாலும் வேண்டாம்.

* வெள்ளைப் பனி: பனி படிந்த மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டிய மரம் அழகுதான். ஆனால் அந்தத் தூள் உதிரும். ஆஸ்துமா உள்ள வீட்டுக்குப் பச்சை மரமே போதும். வாசனை ஸ்பிரேயும் அடிக்காதீர்கள்.

* உயரம்: ஆறடி மரம் என்றால் அடிப்பக்கம் மூன்றடிக்கு மேல் இடம் பிடிக்கும். சின்ன வீட்டுக்கு இரண்டு மூன்று அடி மரத்தை மேஜை மேல் வைத்தால் போதும். தூசியும் குறைவு, துடைப்பதும் சுலபம். பெரிய மரம்தான் வேண்டுமென்றால் இரும்புக் கால் உள்ளதாக வாங்குங்கள். தவழும் குழந்தை பிடித்து இழுத்தாலும் சாயக்கூடாது.

* விளக்கு: விளக்கோடு சேர்த்தே வரும் மரத்தை ஈரத்துணியால் துடைக்க முடியாது. மரம் தனியே, எல்.இ.டி. சீரியல் லைட் தனியே வாங்குங்கள். தூங்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெழுகுவர்த்தி, சாம்பிராணிப் புகை மரத்தின் பக்கமே வரக்கூடாது. பி.வி.சி. தீப்பற்றினால் வரும் புகை நுரையீரலை அரிக்கும்.

* பட்டன் பேட்டரி: பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் குட்டி விளக்குகளிலும் இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

எடுக்கும்போதும் வைக்கும்போதும்

மரத்தை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ பிரியுங்கள். பிரிப்பவர் பெரியவராக இருக்கட்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். துடைப்பத்தால் தட்டாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, காற்றாட நிழலில் நன்றாகக் காயவிட்டு உள்ளே கொண்டு போங்கள். இழுப்பு உள்ள குழந்தை தூங்கும் அறையில் மரம் வேண்டாம்.

பண்டிகை முடிந்ததும் மறுபடி துடைத்து, ஈரமில்லாமல் ஜிப் வைத்த பையில் மூடுங்கள். அட்டைப் பெட்டி ஈரத்தை இழுக்கும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் நெடி குழந்தைகளுக்கு ஆகாது. காய்ந்த நொச்சி இலையைத் துணியில் முடிந்து போடலாம்.

இரைப்பு வந்துவிட்டால்?

முதலில் குழந்தையை மரம் இருக்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் இருந்தால் தயங்காமல் கொடுங்கள். நான் சித்த மருத்துவன்தான். இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் மருந்தை நம்பி இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். ஆடாதோடை மணப்பாகு போன்ற மருந்துகள் நெஞ்சுச் சளிக்கு உதவும். குழந்தையைப் பார்த்து அளவு சொல்ல வேண்டியது மருத்துவர். சின்னக் குழந்தைகளுக்கு ஆவி பிடிக்க வைக்காதீர்கள். வெந்நீர் கொட்டி வெந்துபோகும் ஆபத்து உண்டு. விலா ஒட்டி மூச்சு வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரி!

அந்தப் பையன்? அடுத்த டிசம்பரில் கேக்கோடு வந்தான்.

"இந்த வருஷம் அப்பா மாடியில வச்சுத் தொடச்சாங்க. நான் ஸ்டார் மட்டும்தான் கட்டினேன் டாக்டர்!"

"ராத்திரி இழுப்பு வந்துச்சா?"

"வரலையே!"

மரம் வீட்டில் இருக்கிறது, பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறான். பண்டிகைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?