8 டன் இழுக்கும் டிரக், 3 டன்னிலேயே ‘ஃபுல்’ ஆவது ஏன்? - ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு டிரக் வாங்கும் கணக்கு

“18,000 பவுண்டு வரை இழுக்கும்” என்று விளம்பரம் சொல்கிறது. அதாவது, சுமார் 8,165 கிலோ. அதே டிரக்கில் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஏறி, பின்னால் ஒரு ஃபிஃப்த் வீல் டிரெய்லரை மாட்டினால், 3 டன்னைத் தொடும்போதே டிரக் அதன் எல்லைக்கு வந்துவிடலாம். விளம்பரமும் பொய் இல்லை, டிரக்கிலும் குறை இல்லை. அப்புறம் எங்கே உதைக்கிறது?

அமெரிக்கா, கனடாவில் விடுமுறைக்காக மட்டுமல்ல, வருடம் முழுக்க வசிக்கவே டிரெய்லர் வீடு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று 35 முதல் 40 அடி நீளத்துக்கு ஓடும் பெரிய வீடுகள் பெரும்பாலும் ஃபிஃப்த் வீல் வகைதான். முதலில் வீட்டைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, கையில் இருக்கும் டிரக் இழுத்துவிடும் என்று நம்புவதில்தான் பலருக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது.

ஃபிஃப்த் வீல் என்றால் என்ன?

பெயரைப் பார்த்து ஐந்தாவதாக ஒரு டயர் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால குதிரை வண்டிகளில், முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் ஒரு வளையம் படுக்கை வாக்கில் இருக்கும். நான்கு சக்கரம் போக அது ஐந்தாவது. பெயர் அங்கிருந்து வந்தது.

இன்று நாம் சாலையில் பார்க்கும் கன்டெய்னர் லாரிகளிலும் இதே இணைப்புதான். டிரெய்லரின் மூக்குக்கு அடியில் ‘கிங்-பின்’ என்ற தடித்த இரும்பு முளை இருக்கும். அது டிரக்கின் பின்தொட்டிக்குள் பொருத்தப்பட்ட ஹிட்ச்சில் போய் உட்காரும். அந்த ஹிட்ச் இருக்கும் இடம் கிட்டத்தட்ட பின் அச்சுக்கு நேர் மேலே.

சாதாரண டிரெய்லரை பம்பருக்குக் கீழே, வாலில் கட்டி இழுப்பது போல மாட்டுவார்கள். காற்று அடித்தாலோ பெரிய லாரி கடந்தாலோ அது ஆட வாய்ப்பு அதிகம். ஃபிஃப்த் வீலில் அந்த ஆட்டம் ரொம்பக் குறைவு. பெரிய வீடுகளுக்கு இந்த முறையைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம் இதுதான்.

சிக்கல் எங்கே?

மாட்டு வண்டியில் முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். இங்கேயும் அதே கதைதான்.

சாதாரண டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிரக்கின் மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலில் இது 15 முதல் 25 சதவீதம். பெரிய டிரெய்லர்களில் 20-க்கு மேல் போவது சகஜம். இதை ‘பின் வெயிட்’ என்பார்கள்.

ஆக, டிரக்குக்கு இரண்டு வேலை. ஒன்று இழுப்பது, இன்னொன்று சுமப்பது. இழுவைத் திறன் இன்ஜினையும் கியரையும் பொறுத்தது. சுமக்கும் திறன், அதாவது ‘பேலோடு’, ஸ்பிரிங், அச்சு, டயர் ஆகியவற்றைப் பொறுத்தது. விளம்பரம் முதல் எண்ணைப் பெரிதாகப் போடும். ஃபிஃப்த் வீல் விஷயத்தில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இரண்டாவது.

பேலோடு எண்ணை எங்கே பார்ப்பது?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகள், சரக்கு இரண்டும் சேர்ந்து இத்தனை கிலோவை ஒருபோதும் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அது அந்தக் குறிப்பிட்ட டிரக்கின் எண். ஒரே மாடலில் இரண்டு டிரக் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஸ்டிக்கர் எண் மாறலாம். சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம், பெரிய கேபின் என்று கூடக் கூட டிரக்கின் சொந்த எடை ஏறும், பேலோடு இறங்கும்.

அதிகபட்ச மொத்த எடை (ஜி.வி.டபிள்யூ.ஆர்.) 10,000 பவுண்டைத் தாண்டும் பெரிய டிரக்குகளில் இந்த ஸ்டிக்கர் கட்டாயமில்லை. அங்கே, கதவில் உள்ள ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணிலிருந்து டிரக்கின் நிஜமான எடையைக் கழித்தால் பேலோடு கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

முழுதாகச் சாமான் ஏற்றிய நிலையில் 15,000 பவுண்டு (சுமார் 6,800 கிலோ) எடையுள்ள டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். டிரக்கின் மேல் இறங்குவது இவ்வளவு:

* பின் வெயிட், குறைந்தபட்சமாக 20% வைத்தால்: 3,000 பவுண்டு
* ஹிட்ச்: சுமார் 200 பவுண்டு
* நான்கு பேர்: சுமார் 600 பவுண்டு
* பின்தொட்டியில் கருவிகள், சைக்கிள் போன்றவை: சுமார் 200 பவுண்டு

மொத்தம் 4,000 பவுண்டு. அதாவது, சுமார் 1,810 கிலோ முழுக்க டிரக்கின் முதுகில்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். கையில் இருக்கும் டிரக்கின் ஸ்டிக்கர் 2,300 பவுண்டு என்கிறது. குடும்பம், ஹிட்ச், சாமான் போக மிஞ்சுவது 1,300 பவுண்டு. இது 20% என்றால், டிரெய்லரின் மொத்த எடை 6,500 பவுண்டு. சுமார் 2,950 கிலோ. தலைப்பில் சொன்ன ‘3 டன்’ இதுதான்.

அரை டன், முக்கால் டன், ஒரு டன்: எது எதற்கு?

அமெரிக்க பிக்-அப்களை இன்றும் இந்தப் பெயர்களில்தான் பிரிக்கிறார்கள். ஒரு காலத்தில் இவை உண்மையிலேயே சுமக்கும் எடையைக் குறித்தன. இப்போது வெறும் அடையாளம்.

அரை டன்: ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, ஷெவர்லே சில்வராடோ 1500. ‘அரை டன் டிரக்கே போதும்’ என்று விற்கப்படும் லேசான ஃபிஃப்த் வீல்கள் உண்டு. ஆனால் பெரிய டிரெய்லருக்கு இந்த வகை சரிப்படாது.

முக்கால் டன்: எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500. பலர் ஏமாறும் இடம் இது. பதிவு விதிகளை மனதில் வைத்து, இவற்றில் பலவற்றின் ஜி.வி.டபிள்யூ.ஆர். 10,000 பவுண்டை ஒட்டியே நிறுத்தப்படுகிறது. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். அந்தக் கனமும் இதே வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். விளைவு, அதிகம் இழுக்கும் டீசல் டிரக், அதே மாடல் பெட்ரோல் டிரக்கைவிடக் குறைவாகச் சுமக்கும்!

ஒரு டன், ஒற்றைச் சக்கரம்: எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500. பார்க்க முக்கால் டன் மாதிரியே இருக்கும். பல பாகங்களும் பொதுவானவை. ஆனால் ஜி.வி.டபிள்யூ.ஆர். அதிகம் என்பதால் பேலோடு கணிசமாகக் கூடும். முக்கால் டன்னா, ஒரு டன்னா என்று குழம்புபவர்களுக்கு இதுதான் பாதுகாப்பான பதில். ஆனாலும் மேலே போட்ட 4,000 பவுண்டு கணக்குக்கு இதுவே விளிம்பில்தான் நிற்கும்.

ஒரு டன், இரட்டைச் சக்கரம்: ‘டூயலி’ என்பார்கள். பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். 5,000 பவுண்டைத் தாண்டிச் சுமக்கும் மாடல்கள் உண்டு. பின்னால் ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்தில் இன்னொன்று தாங்கும். 15,000 பவுண்டுக்கு மேல் போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. சிரமமும் உண்டு. அகலம் கிட்டத்தட்ட 8 அடி. நகரத்தில் பார்க்கிங் தேடுவது தலைவலி. மாற்ற வேண்டியது ஆறு டயர்.

விளம்பர எண் எப்படி வருகிறது?

இழுவைத் திறனை அளக்க எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற பொதுத் தரம் 2008-ல் வந்தது. அதை முதலில் ஏற்றது 2011 மாடல் டொயோட்டா டண்ட்ரா. இதன் புகழ்பெற்ற சோதனை, அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றம். ஏ.சி.யை முழுவதும் வைத்துக்கொண்டு, சுமார் 18 கி.மீ. தூரத்துக்கு இழுத்து ஏற வேண்டும். ஒற்றைச் சக்கர டிரக்குகளின் வேகம் மணிக்கு 64 கி.மீ.க்குக் கீழே இறங்கக் கூடாது.

சோதனை கறாரானதுதான். ஆனால் அதில் கணக்கில் வருவது தலா 68 கிலோ எடையில் ஓட்டுநரும் ஒரு பயணியும் மட்டுமே. பின் சீட்டில் பிள்ளைகள், நாய், ஐஸ் பெட்டி எல்லாம் கிடையாது. அதோடு, விளம்பரத்தில் வரும் ‘அதிகபட்ச’ எண் அந்த வரிசையிலேயே மிகச் சாதகமான ஒரு மாடலுக்கு உரியது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை.

டீசலா, பெட்ரோலா?

பெரிய ஃபிஃப்த் வீல் என்றால் டீசல் பக்கம்தான் தராசு சாயும். குறைந்த சுழற்சியிலேயே டார்க் கிடைக்கும். 2023 மாடல் ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் சக்தி கூடிய டீசல் இன்ஜின் 1,200 பவுண்டு-அடி டார்க் தருகிறது. இன்னொரு காரணம் மலை. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3% சக்தியை இழக்கும். கொலராடோவின் ஐ-70 நெடுஞ்சாலையில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. அங்கே டர்போ டீசல் திணறாது.

ஏற்றத்தைவிட பயமுறுத்துவது இறக்கம். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி, பிடிப்பே போய்விடும். டீசல் டிரக்குகளில் வரும் எக்ஸாஸ்ட் பிரேக், இன்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்கும். மலைப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே டீசல் தகும்.

தொட்டி நீளத்தைக் கவனியுங்கள்

பின்தொட்டி 8 அடி என்றால் பிரச்சினை இல்லை. அதைவிடக் குட்டையாக இருந்தால், இறுக்கமாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூலை கேபினின் பின் கண்ணாடியில் இடிக்கலாம். அதற்குப் பின்னோக்கி நகரும் ஸ்லைடிங் ஹிட்ச் உண்டு. அதன் கூடுதல் எடையும் பேலோடில்தான் கழியும்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

* முதலில் டிரெய்லரை முடிவு செய்யுங்கள். டிரக் அப்புறம்.
* டிரெய்லரின் காலி எடையை நம்பாதீர்கள். 60 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 227 கிலோ கூடும். கணக்குக்கு எப்போதும் அதன் ஜி.வி.டபிள்யூ.ஆர். எண்ணையே எடுங்கள்.
* பின் வெயிட்டை 20 முதல் 25 சதவீதமாக வைத்துக் கணக்கிடுங்கள்.
* பேலோடோடு, பின் அச்சுக்கும் டயருக்கும் உள்ள தனி வரம்பையும் பாருங்கள்.
* லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்கு, சாதாரண லைசென்ஸில் கூடுதல் அனுமதி வேண்டும். 15,000 பவுண்டைத் தாண்டினால் வணிகம் சாராத ‘ஏ’ வகை லைசென்ஸே தேவை.
* ஏற்கெனவே டிரக், டிரெய்லர் இரண்டும் இருக்கிறதா? நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடைக்குப் போங்கள். குடும்பத்தோடு டிரக்கை மட்டும் ஒரு முறை, டிரெய்லரை மாட்டி ஒரு முறை எடை போடுங்கள். டிரக்கின் இரண்டு அச்சுகளிலும் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அதுதான் உங்கள் நிஜமான பின் வெயிட்.

விற்பனையாளர் “தாராளமா இழுத்துடும் சார்” என்று சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். “சுமக்குமா?” என்று திருப்பிக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன், அந்த டிரக்கின் கதவைத் திறந்து ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள கணக்கைப் போட இரண்டு நிமிடம் போதும்.