மானிய நிலமும் மருத்துவர் முத்துலெட்சுமியும்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலெட்சுமி, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கக் கோரி அவர் அவ்வவையில் தீர்மானம் கொண்டுவந்ததைப் பலரும் அறிவர். நாம் இங்குக் கருத்தூன்றிக் காணவேண்டியது, அதனைத் தொடர்ந்து 1929இல் நிறைவேறிய சட்டத்திருத்தம்.

பொட்டுக்கட்டப்பட்ட பெண்களுக்கு மானிய நிலங்கள் இருந்தன. கோயில் தொண்டு தொடரும்வரை நிலம் அவர்கள் கையில். தொண்டு நின்றால் நிலமும் பறிபோகும். எனவே, தாய்க்குப்பின் மகளுக்கும் பொட்டுக்கட்டினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலை. வழக்கத்தை இழிவென்று கண்டித்தோர் பலர். அதன் வேர் வயலுக்குள் இறங்கியிருந்ததை முத்துலெட்சுமி கண்டார். அவருடைய தாயார் சந்திரம்மாள் அம்மரபில் பிறந்தவர் என்பதையும் இங்கு நினைக்கலாம். தொண்டு செய்யாவிடினும் நிலம் அப்பெண்களுக்கே உரியதாக அத்திருத்தம் வழிவகுத்தது.

பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவையும் அவர் முன்வைத்தார். ஆயினும், காந்தியடிகள் கைதுசெய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவி துறந்தார். தடைச்சட்டம் நிறைவேற 1947வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அவ்வழக்கத்திலிருந்து வெளியேறிய சிறுமியர் எங்கே செல்வர்? அவர்களுக்காக அவர் தோற்றுவித்ததே அவ்வை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது முயற்சியால், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.